டேலில்லி: பார்வைக்கு வைப்பது எது, பானைக்கு ஆவது எது?

மேமியோமண்

எல்லாருக்கும் வணக்கம். சாசான் (கண்ணாடி நூடுல்ஸ்) சூப்பில் போடுகிற காய்ந்த லில்லி மொட்டைக் கடையில் வாங்காமல் வீட்டுத் தோட்டத்திலேயே எடுக்கலாமா என்று ஒரு யோசனை. பர்மாவில் எங்கள் மலையூரான மேமியோ நர்சரிகளில் எதைக் கேட்டாலும் ‘டேலில்லி’ என்று ஒரே பெயர்தான் சொல்கிறார்கள். இங்கே இருப்பது நாலு விதம்:

ஒன்று, ஆரஞ்சு நிறம், ஒற்றை அடுக்கு, நடுவில் செம்பழுப்பு. இரண்டு, குட்டையான செடி, பொன்மஞ்சள் பூ, வருஷத்தில் பலமுறை பூக்கிறது. மூன்று, கருஞ்சிவப்பு, அகல இதழ், ஓரம் சுருக்கு வைத்தது. நாலு, வேலியோரம் உயரமாக நிற்கும் வெளிர் மஞ்சள். இது மட்டும் பகலில் மூடியே கிடக்கிறது.

எதைச் சமைக்கலாம், எதைத் தொடக்கூடாது? அடையாளம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுஞ்சி_தோட்டம்

தம்பி, இந்த நாலில் எது என்பதற்கு முன்னால், நாலும் டேலில்லிதானா என்பதை முடித்துக்கொள்ளுங்கள். ஆபத்து அங்கேதான். ‘லில்லி’ என்ற பெயரில் நம் ஊரில் விற்பதில் பாதிக்கு மேல் டேலில்லி இல்லை.

ஒரு பூவைப் பறித்து, காம்போடு சேரும் இடத்தைப் பாருங்கள். இதழுக்குக் கீழே, வெளியே பச்சையாக ஒரு குமிழ் உருண்டிருந்தால் அது சூற்பை. ‘லில்லி’ என்று விற்பதில் சூற்பை பூவுக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் அமரில்லிஸ் குடும்பம்: ஹிப்பியாஸ்ட்ரம், விஷமூங்கில், மழை லில்லி, லைகோரிஸ். இவற்றில் லைகோரின் என்ற நச்சு உண்டு, கிழங்கில் அதிகம். வாயில் வைக்கவே கூடாது. டேலில்லியின் சூற்பை பூக்குழலுக்கு உள்ளே ஒளிந்திருக்கும். மொட்டை நீளவாக்கில் பிளேடால் கீறினால்தான் தெரியும்.

அடுத்தது இதழைப் பிரித்துப் பார்ப்பது. டேலில்லியில் ஆறு இதழும் அடியில் ஒட்டிக் குழலாக இருக்கும். ஒரு இதழை இழுத்தால் குழலும் சேர்ந்து கிழியும். உண்மையான லில்லியில், அதாவது ஈஸ்டர் லில்லி, புலி லில்லி வகைகளில், ஒவ்வொரு இதழும் அடிவரை தனித்தனியாகக் கழன்று வரும்.

இலை: டேலில்லிக்கு இலை முழுவதும் தரையிலிருந்து விசிறி போல எழும், நடுநரம்பில் V போல மடிந்திருக்கும். பூத்தண்டில் ஒன்றிரண்டு சிறு செதில் தவிர இலை இருக்காது, உச்சியில் தண்டு கிளைவிடும். உண்மை லில்லிக்குத் தண்டு நெடுக இலை. ஹிப்பியாஸ்ட்ரம் தண்டு கிளைவிடாது, உள்ளே வெற்றாக இருக்கும். ஐரிஸ் இலை மடியாமல் வாள் போலத் தட்டையாக நிற்கும்.

வேர்: தோண்டினால் தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி விரல் விரலாகப் பருத்த வேர் வர வேண்டும். வெங்காயம் போல அடுக்கோ, பூண்டுப் பல் போலச் செதிலோ வந்தால் அது வேறு செடி.

செங்காந்தள்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. என் பெயரில் இருக்கிற செடியையும் சிலர் ‘தீ லில்லி’, ‘கொடி லில்லி’ என்று சொல்லித் தொட்டியில் வைத்து விற்கிறார்கள். செங்காந்தள் இலையின் நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டிருக்கும், இதழ் பின்பக்கமாக வளைந்து மேல்நோக்கி நிற்கும். அதில் இருப்பது கோல்ச்சிசின் என்ற நச்சு. கிழங்கில் ஒரு சிறு துண்டே ஆளைக் கொல்லும். டேலில்லி மொட்டோடு அதன் மொட்டைக் குழப்ப வாய்ப்பு குறைவு. ஆனால் ‘லில்லி கிழங்கு’ என்று சொல்லி யாராவது கொடுத்தால் வாங்கவே வேண்டாம்.

பூந்தொட்டி

எனக்குத் தெரிந்த கணக்கு எளிது: மஞ்சள் என்றால் சாப்பிடுவது, ஆரஞ்சு என்றால் அழகுக்கு. இதில் என்ன தப்பு?

டவுஞ்சி_தோட்டம்

இரண்டு பக்கமும் தப்பு அம்மா. தைவானில் ஹுவாலியன் பக்கம் மலைச் சரிவுகளில் சாப்பாட்டுக்கென்றே பயிரிடுகிறார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மலையே ஆரஞ்சாக இருக்கும். அது ஆரஞ்சு வகைதான். மறுபக்கம், உலகம் முழுக்க தொட்டியில் விற்கும் ‘ஸ்டெல்லா டி ஓரோ’ பளீரென்ற பொன்மஞ்சள். 1975இல் அமெரிக்காவில் பதிவான அழகு வகை. மேமியோமண் தம்பியின் இரண்டாம் செடி அந்த ஜாதியாகத்தான் இருக்கும். குட்டை, சிறு பூ, திரும்பத் திரும்பப் பூப்பது, மூன்றும் பொருந்துகிறது.

சீனத்தில் ஷான்சி மாநிலத்து தாதொங், ஹூனானின் சிதொங் போன்ற ஊர்களில் வயல் வயலாகப் போட்டு, காயவைத்து விற்பது ஹெமரோகாலிஸ் சிட்ரினா (ஹெமரோகாலிஸ் என்பது டேலில்லியின் அறிவியல் பெயர்). சூப் பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் இதுதான். நிறத்தை விட்டுவிட்டு இந்த அடையாளங்களைப் பாருங்கள்:

பூ விரியும் நேரம்தான் முதல் சாட்சி. சிட்ரினா பிற்பகலிலிருந்து இருட்டுவதற்குள் விரியும், இரவு முழுக்கத் திறந்திருக்கும், மறுநாள் முற்பகலில் வாடிவிடும். இரவுப் பூச்சிக்காகப் பூக்கிற செடி. அதனால்தான் வெளிர் நிறமும் வாசனையும். ஆரஞ்சு நிற இனமான ஹெமரோகாலிஸ் ஃபுல்வா காலையில் விரிந்து மாலையில் மூடும், வாசனை இருக்காது.

குழலின் நீளம் அடுத்தது. சிட்ரினாவில் சூற்பையிலிருந்து இதழ் பிரியும் இடம் வரை 3 முதல் 5 செ.மீ. ஃபுல்வாவில் பெரும்பாலும் 3 செ.மீ.க்குள். அழகு வகைகளில் இன்னும் குட்டையாகவும் தடியாகவும் இருக்கும்.

மொட்டு ஒல்லியாக, பென்சிலை விட மெல்லியதாக, 10 செ.மீ.க்கு மேல் நீண்டு, சில சமயம் நுனியில் கருஊதா படிந்திருக்கும். பூத்தண்டு ஒரு மீட்டர் அளவு. நன்றாக வளர்ந்த தண்டில் இருபதுக்கு மேல் மொட்டு வரும். நடுவில் கண் போல வேறு நிற வட்டம், சுருக்கு வைத்த ஓரம், இதழ் நடுவே வெளுத்த கோடு, இரட்டை அடுக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஒட்டுவகை (கலப்பினம்) அல்லது ஃபுல்வா வழி வந்தது.

கஞ்சிக்கலயம்

அண்ணே, ரொம்பப் பயமுறுத்துறீங்க. ஹெமரோகாலிஸ்னு உறுதியாத் தெரிஞ்சா எல்லாமே சாப்பிடலாம்னுதானே வெளிநாட்டுத் தோட்டக்காரங்க சொல்றாங்க? இதழைப் பச்சையா சாலட்ல போடுறாங்க. அமெரிக்க டேலில்லி சங்கத்துல பல்லாயிரக்கணக்கான ஒட்டுவகை பதிவாகியிருக்கு, எல்லாத்தையும் விஷம்னு சொல்ல முடியுமா?

டவுஞ்சி_தோட்டம்

விஷம் என்று நான் சொல்லவில்லை தம்பி. ‘சாப்பிடும் வகை’ என்றால் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் பழகிய வகை. ஒட்டுவகைகளை வளர்ப்பவர்கள் நிறத்தையும் சுருக்கையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். நாக்கில் வைத்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அதில் எந்த இனங்களின் ரத்தம் எவ்வளவு என்பது அநேகமாகக் கலந்துபோய்விட்டது. சிலருக்கு ஒரு பூவிலேயே வயிற்றுப்போக்கு, சிலருக்கு ஒன்றுமில்லை. கருஞ்சிவப்பு, ஊதா வகைகள் பெரும்பாலும் துவர்க்கும், வேக வைத்தால் நிறம் அழுக்காகிக் குழம்பைக் கெடுக்கும். சாதாரணமாக இரண்டு தொகுதி குரோமோசோம் இருக்கும் இடத்தில் நாலு தொகுதி கொண்ட வகைகளின் இதழ் தடித்து, மென்றால் ரப்பர் மாதிரி. சாப்பிட முடியுமா என்பது ஒரு கேள்வி, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி.

பூந்தொட்டி

அந்த நாலு தொகுதி வகைகளைக் கோல்ச்சிசின் போட்டுத்தான் உருவாக்குகிறார்களாமே? அப்படியானால் விஷம் பூவிலேயே இருக்காதா?

செங்காந்தள்

இல்லைங்க. சாதாரண டேலில்லிக்கு 22 குரோமோசோம். முளைக்கும் நாற்றின் குருத்தில் கோல்ச்சிசின் கரைசல் பட்டால் செல் பிரியும்போது குரோமோசோம் விலகாமல் நின்று 44 ஆகிறது. மருந்து பட்டது அந்த ஒரு நாற்றுக்கு மட்டும். நீங்கள் நர்சரியில் வாங்குவது பல தலைமுறை கழித்து வந்த வாரிசு. பூவுக்குள் மருந்து தங்கியிருக்காது.

பச்சை மொட்டிலேயே கோல்ச்சிசின் உண்டு என்று சீனாவில் பொதுமக்களுக்குச் சொல்வது வேறு சங்கதி. அதை மதித்துத்தான் அங்கே யாரும் பச்சையாகச் சாப்பிடுவதில்லை. அதன் அளவு இனத்துக்கு இனம் மாறும் என்பதால் சமைக்கும் முறையை மாற்ற வேண்டாம். அது தண்ணீரில் கரையும், சூட்டில் எளிதில் அழியாது. ஆகவே வேக வைத்தால் மட்டும் போதாது, வேக வைத்த தண்ணீரைக் கொட்ட வேண்டும். மொட்டைப் போட்டு அந்தத் தண்ணீரையே ரசமாக்குவதுதான் நம்மவர்கள் செய்யக்கூடிய தவறு.

முறை இது: மொட்டை விரலால் பிளந்து உள்ளே இருக்கும் ஆறு மகரந்தத் தாளையும் கிள்ளி எறியுங்கள். கொதிக்கிற தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம். வடித்து, குளிர்ந்த தண்ணீரில் இரண்டு மணி நேரம், நடுவில் ஒருமுறை தண்ணீர் மாற்றி ஊற வைக்க வேண்டும். பிழிந்து, அப்புறம்தான் வதக்கலோ சூப்போ. முதல் தடவை ஆளுக்கு மூன்று நாலு மொட்டு. மறுநாள் வயிறு சரியாக இருந்தால் கூட்டிக்கொள்ளலாம். அப்போதும் ஒரு வேளைக்கு ஆளுக்கு 50 கிராம் பச்சை மொட்டைத் தாண்ட வேண்டாம். சாப்பிட்டு அரை மணியிலிருந்து நாலு மணிக்குள் தொண்டை எரிச்சல், குமட்டல், வாந்தி வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

இரட்டை அடுக்குப் பூவில் மகரந்தத் தாளே இதழாக மாறியிருப்பதால் கிள்ளி எடுக்க வழி இல்லை. அதை விட்டுவிடுங்கள்.

கஞ்சிக்கலயம்

சரிங்க அக்கா, தண்ணியைக் கொட்டணும்ங்கிற காரணம் இப்பத்தான் விளங்குது. வேரைச் சில பேர் கிழங்குன்னு வறுத்துத் திங்கலாம்னு எழுதுறாங்களே?

டவுஞ்சி_தோட்டம்

வேண்டாம். சில ஹெமரோகாலிஸ் இனங்களின் வேரில் ஹெமரோகாலின் என்ற பொருள் இருக்கிறது. சீனத்தில் ஆடுகள் அந்த வேரைத் தின்று கண்பார்வை இழந்ததை ஆராய்ந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள். எந்த இனத்து வேர் என்று நமக்குத் தெரியாதபோது பூவோடு நிறுத்திக்கொள்வதே சரி. இளங்குருத்தும் அப்படித்தான். பூக்காத செடியின் குருத்தைப் பார்த்து ஐரிஸா, ஹிப்பியாஸ்ட்ரமா என்று உறுதி சொல்வது லேசில்லை.

லத்தா_மளிகை

காய்ந்த சரக்கைப் பற்றி நான் சொல்கிறேன். ரங்கூன் சீனத் தெருவிலும் தெய்ஞ்ஜி சந்தையிலும் மூட்டையாகவும் பாக்கெட்டாகவும் கிடைக்கும். பெரும்பாலும் எல்லை வழியாக வருகிற சீனச் சரக்கு. டிக்கல் (பர்மாவின் சிறு எடை) கணக்கில் வாங்குகிறவர்கள் கையில் எடுத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

நல்ல சரக்கு மங்கிய பழுப்பு மஞ்சள், மொட்டுக்கு மொட்டு நிறம் கொஞ்சம் மாறும், முகர்ந்தால் வைக்கோலும் தேனும் கலந்த வாசனை. எல்லா மொட்டும் ஒரே பளபளப்பு மஞ்சளாக இருந்து, மூக்கில் தீக்குச்சி உரசின நெடி ஏறினால் கந்தகப் புகை அதிகம். கந்தகம் போடுவதே தப்பு என்று இல்லை; காய்ந்த காய்கறிக்குச் சீன விதி கிலோவுக்கு 0.2 கிராம் சல்பர் டை ஆக்சைடு வரை அனுமதிக்கிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கு அதுவே ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். பிரிந்து விரிந்தால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. உருண்டையாகவே நின்றால் ஈரம், ரங்கூன் மழைக்காலத்தில் பத்து நாளில் பூஞ்சணம் பிடிக்கும். வாய் விரிந்த பூ அதிகம் கலந்திருந்தால் தாமதமாகப் பறித்த இரண்டாந்தரம். சுவையும் கம்மி, சூப்பில் கரைந்து நாராகிவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இன்னொரு தண்ணீரில் அலசுங்கள். அடிக்காம்பு கட்டையாக இருக்கும், அரை செ.மீ. நறுக்கி எறியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் நடுவில் ஒரு முடிச்சுப் போட்டால் கொதிக்கும்போது பிரியாது. காதுக்காளானோடு சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கொதித்தால் போதும். சாசானைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் சூப்பை முழுக்கக் குடித்துவிடும்.

மேமியோமண்

நன்றி அண்ணே. எல்லாரும் சொன்னபடி பார்த்தேன். நாலிலும் சூற்பை உள்ளேதான் இருக்கிறது, இதழ் அடியில் ஒட்டியிருக்கிறது, வேரும் விரல் வேர்தான். வேலியோரச் செடி மாலை ஐந்து மணிவாக்கில் விரிய ஆரம்பிக்கிறது, லேசான எலுமிச்சை வாசனை, குழல் 4 செ.மீ. நடுவில் கண் இல்லை. தண்டு இடுப்புக்கு மேல். முதல் செடியின் உள் இதழில் கூரை மாதிரி வளைந்த கருஞ்சிவப்புப் பட்டை, காலையில் விரிகிறது.

டவுஞ்சி_தோட்டம்

நாலாவது சிட்ரினா, அல்லது அதன் ரத்தம் அதிகமுள்ள கலப்பு. சமையலுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது ஃபுல்வா, அந்தப் பட்டை அதன் முத்திரை. மொட்டாகப் பறித்து, செங்காந்தள் சொன்ன முறையில் கொஞ்சமாகச் சமைக்கலாம், ஆனால் காயவைத்தால் சிட்ரினா அளவு இனிப்பு வராது. இரண்டும் மூன்றும் கண்ணுக்கு மட்டும்.

அந்த நாலாவதுக்கு இதுவரை யார் என்ன மருந்து அடித்தார்கள்?

மேமியோமண்

வேலிச்செடிக்கு யாரும் ஒன்றும் அடித்ததில்லை. மற்ற மூன்றும் இந்த வருஷம் நர்சரியில் வாங்கியவை.

டவுஞ்சி_தோட்டம்

நல்லது. எல்லாரும் இதைக் கவனிக்க வேண்டும்: நர்சரிச் செடி எந்த வகையானாலும் முதல் பருவப் பூவைச் சாப்பிட வேண்டாம். அசுவினியும் இலைப்பேனும் வராமலிருக்க இமிடாகுளோபிரிட், அசிபேட் மாதிரி வேர் வழி ஏறும் மருந்து ஊற்றுவது அழகுச்செடி வியாபாரத்தில் சர்வ சாதாரணம். அது சாற்றில் ஏறி மொட்டு வரை போகும், கழுவினால் போகாது. வாங்கியதும் பழைய மண்ணை உதறிவிட்டு, வேரை அலசி, புதிய மண்ணில் நட்டு, ஒரு பூப்பருவம் முழுக்க விட்டுவிட்டு அடுத்ததில் பறியுங்கள்.

மழைக்காலத்தில் இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டினால் அது துரு நோய். விரலில் தேய்த்தால் மஞ்சளாக ஒட்டும். பூஞ்சைக்கொல்லி அடித்தால் அந்த வருஷப் பூ போச்சு. அதனால் சாப்பிடும் செடிக்குத் துரு கண்டதும் இலையைத் தரைமட்டத்துக்கு வெட்டி எரித்துவிடுங்கள், மறுபடி துளிர்க்கும். பூத்தண்டில் மொய்க்கும் அசுவினிக்குச் சோப்புத் தண்ணீரை மாலையில் தெளித்து, காலையில் வெறும் தண்ணீரில் கழுவினால் போதும்.

பூந்தொட்டி

பறிப்பதும் காயவைப்பதும் எப்படி? விரிந்த பிறகு பறித்தால் என்ன?

டவுஞ்சி_தோட்டம்

விரிந்துவிட்டால் இதழிலிருக்கும் சர்க்கரை செலவாகிவிடும், மகரந்தமும் உதிர்ந்து ஒட்டும். அன்று மாலை விரியப்போகிற மொட்டைத்தான் பறிக்க வேண்டும். பார்க்கிற விதம்: முந்தின நாள் மொட்டு பச்சை, கடினம். அன்றைய மொட்டு பச்சை மாறி மஞ்சளாகி, நடுப்பகுதி உப்பி, மூன்று இதழ் சேரும் கோடு தெளிவாகத் தெரியும், ஆனால் நுனி பிரிந்திருக்காது. விரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால், உங்கள் செடிக்கு மதியம் மூன்று மணிவாக்கில், காம்போடு ஒடித்து எடுங்கள். மேலே இழுக்காமல் பக்கவாட்டில் சாய்த்தால் பக்கத்து மொட்டு உதிராது.

பறித்தவுடன் ஆவி. நேரம் போனால் கூடையிலேயே விரிந்துவிடும். இட்லித் தட்டில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மேல் குவிக்காமல் பரப்பி, தண்ணீர் கொதித்த பின் வைத்து, ஐந்து நிமிடம். ஒரு மொட்டைக் காம்பில் பிடித்துத் தூக்கினால் நுனி தொங்க வேண்டும், நிறம் பச்சை கலந்த மஞ்சளிலிருந்து வெளிர்மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். அதிகம் வெந்தால் காயும்போது கருத்து ஒட்டிக்கொள்ளும். குறைந்தால் உள்ளே உயிர் நின்று, வெயிலில் பழுப்பாகிப் புளிக்கும்.

இரவு முழுக்கப் பாயில் ஆறவிட்டு, மறுநாள் முதல் நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள், தினம் இரண்டு முறை புரட்டிவிட வேண்டும். மேமியோ மழையில் வெயிலை நம்ப முடியாது. அடுப்பு மேல் கம்பி வலையில், கை வைத்தால் பொறுக்கிற சூட்டில் காயவைக்கலாம். ஒடித்தால் ஒடியாமல் வளைய வேண்டும், ஆனால் நகத்தால் அழுத்தினால் ஈரம் வரக்கூடாது. ஏறக்குறைய ஏழெட்டு வீசை பச்சை மொட்டு ஒரு வீசை காய்ந்ததாகும். நாலைந்து செடிக்காரர்கள் காயவைக்கவே வேண்டாம், அன்றன்று ஆவி வைத்துச் சமைப்பதுதான் கட்டும்.

கஞ்சிக்கலயம்

ரங்கூன்ல இது வருமா? நம்ம வீட்டுப் பக்கம் மழைன்னா மழை.

செங்காந்தள்

சிட்ரினா குளிரில் இலை உதிர்த்துத் தூங்குகிற ஜாதி. ரங்கூனில் அந்தக் குளிர் கிடைக்காது. இலை தழைக்கும், பூ கஞ்சத்தனமாக வரும். மேமியோ, கலோ, டவுஞ்சி மாதிரி ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்கள்தான் அதற்குச் சரி. ரங்கூனில் வைக்கிறவர்கள் என்றும் பசுமையாக இருக்கும் ஒட்டுவகைகளை அழகுக்கு வைக்கலாம், அதுவும் ஒரு முழம் உயர்த்திய பாத்தியில். செடியின் கழுத்து (இலையும் வேரும் சேரும் இடம்) மழைத்தண்ணீரில் நின்றால் கொழகொழவென்று அழுகி நாறும், காப்பாற்ற முடியாது.

இன்னொன்று: வீட்டில் பூனை இருந்தால் எந்த டேலில்லியும் வேண்டாம், உண்மை லில்லியும் வேண்டாம். மனிதருக்குச் சாப்பாடாகிற சிட்ரினாவும் சேர்த்துத்தான். இலையைக் கடித்தாலும், மேலே ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் சிறுநீரகம் போய்விடும். கடித்ததைப் பார்த்தால் வாந்தி வரும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

மேமியோமண்

பூனை இல்லை அக்கா. வேலியோரச் செடியைப் பெருக்க விதை போடலாமா?

டவுஞ்சி_தோட்டம்

விதை வேண்டாம். பக்கத்திலேயே மூன்று வகை நிற்கிறது, தேனீ எதை எதோடு சேர்த்ததோ தெரியாது; நாற்று தாயைப் போல வராது. பூ முடிந்ததும் தூரைத் தோண்டி, மண்ணைக் கழுவி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று விசிறி இருக்கும்படி கையால் பிரியுங்கள். பிரியாத இடத்தில் மட்டும் கத்தி. இலையை ஒரு சாண் விட்டு வெட்டி, கழுத்து மண்ணுக்குக் கீழே இரண்டு செ.மீ. இருக்கிற மாதிரி, ஒன்றரை அடி இடைவெளியில் நடுங்கள். ஆழமாகப் போனால் பூக்காது. நட்ட இடத்தில் பெயர்ப்பலகை வையுங்கள், மற்ற மூன்றையும் தோட்டத்தின் மறுபக்கத்துக்கு மாற்றுங்கள். மொட்டாக இருக்கும்போது இரண்டாவதும் நாலாவதும் பிள்ளைகள் கண்ணுக்கு ஒன்றுதான்.